அர்த்தம் தெரிந்த வாத்தியார்

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குருவுக்கு நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் நாச்சம்மாள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மடத்தில் அம்மா என்றால் அவர்தான். சீடரின் பெயர் சென்னியப்பன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாத்தியார் என்றால் அவர்தான்.

மலையடிவாரத்தில் ஊமைச்சாமி சமாதி. அதைச் சுற்றி மடம், ஒரு சமையல்கட்டு, நாலு வேப்பமரம். ஊமைச்சாமி பிறவி ஊமை இல்லை. ஒருநாள் பேச்சை நிறுத்தினார், பிறகு பேசவே இல்லை என்று சொல்வார்கள். அவருக்குப் பின் மடத்தைப் பார்த்துக்கொண்ட சாமியார் கண்ணை மூடும்போது சாவியை அம்மா கையில் கொடுத்தார். பட்டாபிஷேகம் அவ்வளவுதான். ஜனங்கள் வந்து கேட்கிறார்கள், அம்மா பதில் சொல்கிறார். சில நாள் பதில் சொல்ல உடம்பில் தெம்பு இருக்காது. அன்றைக்கும் கேட்க வருவார்கள்.

வாத்தியார் மனைவி இறந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். நாலு வருஷம் ஆகிறது. காலையில் வாசல் கூட்டுவார். மத்தியானம் பந்தி முடிந்து இலை எடுப்பார். சாயங்காலம் பஞ்சாலை வேலை முடிந்து அடிவாரத்துப் பெண்கள் சிலர் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்.

அன்று வியாழக்கிழமை. ஒரு பெண் கேட்டாள்.

"ஐயா, ஹோல்டு பேக்குன்னா என்னங்க?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் வாத்தியாருக்கு எத்தனை அசதியிலும் முதுகு நிமிர்ந்துவிடும்.

"ரெண்டு சொல்லு சேர்ந்து ஒரு வினை. அடக்கு, தடுத்து நிறுத்து, வெளியில விடாதே, இதெல்லாம் அதுக்கு அர்த்தம். வாக்கியத்துல வெச்சுப் பார்த்தாத்தான் மனசுல நிக்கும். எழுதிக்க. போலீஸ்காரங்க கூட்டத்தை ஹோல்டு பேக் பண்ணாங்க. அவ கண்ணீரை ஹோல்டு பேக் பண்ணா. அவன் தன் கோபத்தை..."

"கோபத்தை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பூவாத்தா. மடத்துச் சமையல்காரி. பாடம் படிக்க வருகிறவள் இல்லை. காற்று வருகிறது என்று அங்கே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க வாத்தியாரே. கோபத்தை என்ன பண்ணான்? நேத்து சாம்பார்ல உப்புக் கம்மின்னு கரண்டியத் தூக்கி வீசினாரே ஒருத்தரு, அவரா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பூண்டு உரிக்கறவ பூண்டை உரி! ஜென்மத்துல ஒரு எழுத்துப் படிச்சிருக்கியா நீ? பாடத்துக்கு நடுவுல வாயைத் தொறக்கறதுக்கு உனக்கு என்ன யோக்கியதை இருக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. பூவாத்தா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையல்கட்டுக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

கரும்பலகையில் வாக்கியம் பாதியில் நின்றது. வாத்தியார் அதை முடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பெண்களைப் போகச் சொல்லிவிட்டார்.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்திருந்தார். அன்று வந்தவர்கள் அதிகம். கடைசியாக வந்த ஒருத்தி அழுதுகொண்டே வெகுநேரம் பேசினாள். அம்மா வாயைத் திறப்பதற்குள், "இப்ப மனசு லேசாயிருச்சுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவளுடைய பாரம் முழுக்க இங்கேயே கிடப்பதுபோல அம்மா சுவரில் சாய்ந்திருந்தார்.

வாத்தியார் வந்து தள்ளி நின்றார்.

"உட்காருங்க வாத்தியாரய்யா. நீங்க நின்னா நான் அண்ணாந்து பார்க்கணும். கழுத்து வலிக்குது."

வாத்தியார் உட்கார்ந்தார்.

"தாயே, ஒரு சொல்லை முப்பத்தஞ்சு வருஷமாச் சொல்லிக்கொடுத்திருக்கேன். அதுக்கு அர்த்தம் தெரியும். எந்தெந்த இடத்துல வரும்னு தெரியும். எத்தனை பிள்ளைகளுக்கு அதுக்கு மார்க் போட்டிருக்கேன். எனக்கு அதை உபயோகிக்கத் தெரியல."

"என்ன சொல்லுங்க அது?"

"அடக்கறது."

அம்மா காலைத் தண்ணீரில் மெல்ல அசைத்தார்.

"உங்க பையன் போன் பண்ணினாராமே காலையில."

"ஆமாங்க தாயே. பூவாத்தாதான் எடுத்தா. கல்யாணம் நிச்சயமாயிருக்காம். அவனே பார்த்து, அவனே பேசி முடிச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை பத்திரிகை வைக்க வர்றானாம்."

"நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான். ஆனா அவன் வந்தா நான் ஏதாச்சும் சொல்லிருவேன் தாயே. சொன்னா அவன் போயிருவான். இந்தத் தடவை போனான்னா அவன் கல்யாணத்துக்கு நான் இல்லை. அப்புறம் எதுக்குமே இல்லை."

"போன தடவை என்ன சொன்னீங்க?"

வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அவங்கம்மா செத்தன்னைக்குத் தாயே. இன்னும் எடுக்கலை. ஊரே நின்னுட்டிருந்தது. அவன் வந்து காலடியில உட்கார்ந்தான். உன்னை நினைச்சு நினைச்சே செத்தாடான்னு சொன்னேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"கொள்ளி வெச்சான். வீட்டுக்கு வரலை. சுடுகாட்டுலருந்து அப்படியே போயிட்டான். படிப்பு வேண்டாம், லேத்துப் பட்டறை வெக்கறேன்னு அவன் சொன்ன நாள்லருந்தே நான் அவன்கூடப் பேசறதில்லை. அத்தனை வருஷத்துல பேசின ஒரே பேச்சு அதுதான்."

"ம்."

"இங்க வந்து நாலு வருஷமாக் கண்ணை மூடி உட்கார்றேன். விபூதி பூசறேன். உப்புக் கம்மின்னாக் கரண்டியை வீசறேன். எப்படித்தான் தாயே அடக்கறது?"

அம்மா காலை எடுத்துத் துடைத்தார். ஒரு காலைத் துடைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொன்று.

"சோறு வடிக்கற பொண்ணு ஊருக்குப் போகுது. நாளைக்கு நீங்க வந்து வடிங்க."

"தாயே, நான் கேட்டது..."

"கேட்டுச்சுங்க. காலையில வாங்க."

மடத்தில் குக்கர் கிடையாது. வருகிற அத்தனை பேருக்கும் வடித்த சோறுதான். சோறு வெந்ததும் குண்டானின் வாயைத் தட்டால் மூட வேண்டும். இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, குண்டானைச் சாய்க்க வேண்டும். தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகக் கஞ்சி கீழே இறங்கும். எந்த வீட்டிலும் நடக்கிற காரியம். வாத்தியார் அறுபத்து மூன்று வருஷமாகச் சோறு சாப்பிடுகிறவர். ஒருநாளும் வடித்ததில்லை.

பூவாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசணிக்காய் நறுக்கினாள். அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"பிடிங்க. சாயுங்க."

வாத்தியாருக்குச் சோறு கொட்டிவிடுமோ என்ற பயம். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை அழுத்தினார். குண்டான் சாய்ந்தது. கஞ்சி வரவில்லை.

"இறங்கலையே தாயே."

"இப்படி அமுத்தினா எப்படிங்க இறங்கும்?"

"விட்டாக் கொட்டிரும்."

"அமுத்தினா கை வெந்துரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. உள்ளே நின்ற ஆவி ஒரு பக்கமாகப் பீறிக்கொண்டு வாத்தியாரின் மணிக்கட்டில் அடித்தது. ஐயோ என்று கையை எடுத்தார். குண்டான் ஆடியது. அம்மா ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு மடத்தில் யாருக்கும் சோறு இல்லை.

பூவாத்தா கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள். வாத்தியாரின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டாள்.

"எடுக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க. எரியும், எரியட்டும்."

"நேத்து உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது பூவாத்தா."

"இப்ப எதுக்கு அது? முதல்ல கையைப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

"எம் மாமியார் இதை விட மோசமாப் பேசும். அதுகிட்டயே இருபது வருஷம் குடும்பம் பண்ணேன். நீங்க எம்மாத்திரம்?"

மறுநாளும் வாத்தியார் போனார். மணிக்கட்டில் கட்டு. இந்தத் தடவை பயத்தில் லேசாகப் பிடித்தார். தட்டு வழுக்கியது. கஞ்சியோடு சோறும் குபுகுபுவென்று கீழே இறங்கியது.

"மாட்டுக்கு இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடு," என்றாள் பூவாத்தா.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அம்மாவிடம் திரும்பினார்.

"அமுத்தினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. எந்த அளவுக்குத்தான் பிடிக்கறது தாயே?"

"சோறு உள்ள நிக்கணும். கஞ்சி வெளிய போகணும்."

"அது தெரியுதுங்க. அளவு எது?"

"நேத்துச் சோறு வேற, இன்னைக்குச் சோறு வேற, வாத்தியாரய்யா. நேத்து அளவு இன்னைக்கு ஆகாது."

"ஒரு கேள்விக்கு ஒரு பதில்னு சொல்லக் கூடாதுங்களா? நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"அதனாலதான் அவங்க பாஸ் பண்ணாங்க," என்றார் அம்மா. சிந்திய சோற்றை அள்ளக் குனிந்தார். குனிந்தவர் நிமிர ஒரு நிமிஷம் ஆயிற்று.

அன்று மத்தியானம் இலை எடுத்து முடித்தபின் வாத்தியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பூவாத்தா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்குத்தானே தம்பி வருது?"

"ஆமா."

"ஏனுங்க இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு? வந்ததும் 'வா கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். மிச்சத்தை நான் சோத்துல பார்த்துக்கறேன்."

"வா கண்ணு."

பூவாத்தா மோர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"ஆஜர் எடுக்கற மாதிரி இருக்குதுங்க."

"வா... கண்ணு."

"இப்ப பெஞ்சு மேல ஏத்தற மாதிரி இருக்குது."

வாத்தியார் இன்னும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் கடைசியில் ஒரு அதட்டல் வந்து ஒட்டிக்கொண்டது. அவரைவிட அந்தக் குரலுக்கு வயது அதிகம்போல இருந்தது. பூவாத்தா முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"நடக்காது பூவாத்தா. எனக்கு வராது. நீ போ."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேசாமல் இருக்க நினைப்பவர்கள், சமாதிச் சுவரில் ஆணியில் தொங்கும் சின்னப் பலகையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். பலகையில் 'மௌனம்' என்று எழுதியிருக்கும். யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. பலகை மாட்டியவரிடம் மடத்துக்காரர்கள் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். திரும்ப ஆணியில் தொங்கவிட்டால் விரதம் முடிந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாத்தியார் அந்தப் பலகையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பேசினால்தானே வம்பு? பேச்சே இல்லையென்றால் தப்பான பேச்சும் இல்லை. மகன் வருவான், பத்திரிகை வைப்பான், கும்பிடுவான். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினால் போதும். வாத்தியாருக்கு மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

விளக்கோடு வந்த அம்மா பலகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பலகை மாட்டியவரிடம் பேசக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபின் மகன் திருமூர்த்தி வந்தான். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு முகம் கழுவினான். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் மட்டும் பட்டறைக் கறுப்பு போகவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் அடுக்கி, மஞ்சள் தடவிய பத்திரிகையை மேலே வைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

முதலில் அம்மாவைக் கும்பிட்டான். பிறகு தூணோரமாக நின்ற அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் கழுத்தில் தொங்கிய பலகையைப் பார்த்தான்.

"மௌன விரதமுங்களா?" என்று அம்மாவைக் கேட்டான்.

"ஆமா தம்பி."

"எப்பருந்துங்க?"

"நேத்து சாயங்காலத்துலருந்து."

"நான் இன்னைக்கு வர்றேன்னு வியாழக்கிழமையே சொன்னனுங்களே?"

திருமூர்த்தி சிரித்தான். சந்தோஷமில்லாத சிரிப்பு.

"எனக்கு இது புதுசில்லைங்கம்மா. பலகைதான் புதுசு. பட்டறை வெக்கறேன்னு சொன்ன நாள்லருந்து இவரு எங்கூட மௌன விரதந்தான். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிடுவோம். எங்கம்மாவைப் பார்த்து, 'அவனுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு'ம்பாரு. நான் முன்னாடியே இருப்பேன்."

வாத்தியார் கையை ஆட்டினார். இல்லை, அது வேறு, இது வேறு என்று சொல்லப் பார்த்தார். கை சொன்னது யாருக்கும் புரியவில்லை. பலகையைத் தொட்டுக் காட்டினார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதுவும் புரியவில்லை.

"நடுவுல ஒரே ஒருநாள் பேசினாருங்க. அதைக் கேட்டதுக்கு இதே தேவலை."

திருமூர்த்தி தாம்பாளத்தைச் சமாதிப் படியில் வைத்தான்.

"சாமிகிட்டயே வெச்சுட்டுப் போறேனுங்க. உங்கப்பாவுக்குப் பத்திரிகை வெச்சியான்னு பொண்ணு வீட்ல கேட்பாங்க. மடத்துல வெச்சுட்டேன்னு சொல்லிக்கறேன். பொய் சொன்ன மாதிரி இருக்காது."

விழுந்து கும்பிட்டு எழுந்தான். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை.

பூவாத்தா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"அட, ஒரு வாய் சாப்பிட்டுப் போ கண்ணு. வெயில்ல வந்திருக்கிற."

"பசியில்லைங்கக்கா."

அவன் வாசல் பக்கம் நடந்தான். வாத்தியார் அம்மாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். அம்மா தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அது வேண்டுதலா, அசதியா என்று சொல்ல முடியாது. உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

திருமூர்த்தி ஒரு காலில் செருப்பை மாட்டினான்.

"ஒல்லியாயிட்டே."

குரல் உடைந்திருந்தது. அது தன்னுடைய குரல் என்று வாத்தியாருக்கே சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

திருமூர்த்தி திரும்பினான்.

"அப்பவே..." என்றார் வாத்தியார்.

திருமூர்த்தியின் முகம் இறுகியது. அப்பவே என்று அப்பா ஆரம்பித்தால் பின்னால் என்ன வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். அப்பவே சொன்னேன், கேட்டியா? படிச்சிருந்தா இந்தக் கதி வருமா? இரும்போட இரும்பாத் தேயப் பிறந்தவன்தானே நீ? வரிசை ஒருநாளும் மாறியதில்லை. அவன் ஒற்றைச் செருப்போடு நின்று, அது வந்து முடியட்டும் என்று காத்திருந்தான்.

வாத்தியாருக்கு நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. வாய் திறந்திருந்தது. அந்த வார்த்தைகள் அங்கேதான் நின்றன. பார்த்துக்கொண்டிருந்த பூவாத்தாவுக்குக்கூட அது தெரிந்தது. அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவே?" என்றான் திருமூர்த்தி.

"அப்பவே... உங்கம்மா சொல்லுவா. வேலைன்னு வந்துட்டா நீ சோறு தண்ணி பார்க்க மாட்டேன்னு."

பூவாத்தாவின் கரண்டி தாழ்ந்தது.

"சாப்பிட்டுப் போ," என்றார் வாத்தியார். சொன்னதில் அதட்டல் இருந்தது. அதை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திருமூர்த்தி தரையைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

"இலை போடும்மா பூவாத்தா," என்றார் அம்மா.

"போட்டாச்சுங்க, எப்பவோ போட்டாச்சு," என்று அவள் உள்ளே ஓடினாள்.

வாத்தியாரே பரிமாறினார். திருமூர்த்தி தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதிச் சோற்றில் இருக்கும்போது, இலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பொண்ணு பேரு தாரணி. நர்ஸா இருக்குது. அவங்க வேற ஆளுங்க. நம்ம பக்கம் இல்லை."

வாத்தியார் எதையோ கேட்க வாயெடுத்தார்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

"ம். ஊத்துங்க."

ரசம் இலையில் பாதி, தரையில் பாதி விழுந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு மறக்கலைங்கப்பா."

"எனக்குந்தான்."

திருமூர்த்தி கை கழுவிவிட்டு வந்தான். சமாதிப் படியில் வைத்த தாம்பாளத்தை எடுத்தான். அப்பாவின் முன்னால் நீட்டினான்.

"ஆவணி பன்னண்டு. விடிகாலை முகூர்த்தம். முந்தின நாளே வந்துருங்க."

வாத்தியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்ட மணிக்கட்டில் வலித்தது. தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்று நினைத்திருந்தார். கையில் தாம்பாளம் இருந்தது. திருமூர்த்தி அவர் காலைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

பைக் சத்தம் ஓய்ந்தபின் வாத்தியார் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். பலகையைக் கழற்றினார். அதை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"விரதம் கெட்டுப்போச்சு தாயே."

"ம்."

"ஒரு சொல்லு எப்படியோ வெளிய வந்துருச்சு. அது பின்னாடியே மத்ததெல்லாம் வரிசையா வந்துச்சு. எப்படி நின்னுச்சுன்னு எனக்கே தெரியல."

அம்மா தலையை ஆட்டினார்.

"இனிமேல் அது தானா நிக்குங்களா?"

"நிக்காதுங்க."

"அப்ப ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு தடவையும்."

வாத்தியார் படியில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து மூட்டை சுமந்தவர்போல முதுகு வளைந்திருந்தது.

"ரொம்பக் களைப்பா இருக்குங்க தாயே."

"இருக்கும்."

"உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இருக்காது. நீங்க எப்பவோ தாண்டிப் போயிருப்பீங்க."

அம்மா சிரித்தார். சிரிக்கும்போதுதான் அவருடைய கண்ணுக்குக் கீழே எத்தனை கறுத்திருக்கிறது என்று தெரிந்தது.

"இப்பக்கூட உங்களை நல்லா நாலு வார்த்தை வையணும்னு நாக்கு நுனியில நிக்குது, வாத்தியாரய்யா."

வாத்தியார் எழுந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க தாயே. வாங்கிக்கறேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எனக்குப் பசிக்குது," என்றார். "வாங்க, சாப்பிடலாம்."